மண்ணே இல்லாமல் செடி வளருமா? நாலரை கிராம் உப்பு செய்யும் வேலை

சேலத்திலிருந்து ஏற்காடு போக இரண்டு மலைப்பாதைகள். அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறுவது இன்னொன்று. மழைக்காலத்தில் முதல் பாதையில் மண் சரிந்தால், "குப்பனூர் வழியா போங்க" என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள்.

எந்த வழியில் ஏறினாலும், மேலே பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று பி.எஸ்.ஐ. எனப்படும் இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம். 1960-களில் தொடங்கப்பட்ட தேசிய ஆர்க்கிடேரியம் இங்கேதான் இருக்கிறது. இங்கே ஆர்க்கிட்களைவிட அதிகம் பேசப்படும் விருந்தாளி ஒன்று உண்டு. மேகாலயா மலைகளிலிருந்து வந்த குடுவைத் தாவரம், நெப்பந்தஸ் காசியானா. இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சி விழுந்தால் அதைக் கரைத்துச் சாப்பிட்டுவிடும்.

செடி எதற்குப் பூச்சி தின்ன வேண்டும்? மாவுச்சத்துக்காக இல்லை. அதை வெயிலும் காற்றும் தண்ணீரும் கொடுத்துவிடும். அது வளரும் மண்ணில் நைட்ரஜன் போன்ற சத்துகள் மிகக் குறைவு. அந்தக் குறையைப் பூச்சியை வைத்து ஈடுகட்டிக்கொள்கிறது. செடிக்கு வேண்டியது மண் அல்ல, மண்ணில் கரைந்திருக்கும் உப்புகள்.

அப்படியானால் மண்ணையே எடுத்துவிட்டு, உப்புகளை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால்? செடி வளரும். முழுச் செடி மட்டுமல்ல, செடியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சின்னத் துண்டுகூட கண்ணாடி பாட்டிலுக்குள் வளரும். டிஷ்யூ கல்ச்சர், அதாவது திசு வளர்ப்பு என்ற தொழில்நுட்பமே இதன் மேல்தான் நிற்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகள் வாங்கி நடும் ஜி-9 வாழைக்கன்று முதல், பூங்கொத்தில் வரும் ஆர்க்கிட் வரை இந்த வழியில் வந்தவைதான்.

சரி, அந்த பாட்டிலுக்குள் அப்படி என்னதான் ஊற்றுகிறார்கள்?

பொடியில் என்ன இருக்கிறது?

உலகம் முழுக்கத் திசு வளர்ப்பு ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கலவையின் பெயர் எம்.எஸ். மீடியம். முராஷிகே, ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அந்த எம்.எஸ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மொத்த உப்பு சுமார் நாலரை கிராம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்.

கேட்டால் பெரிய கெமிஸ்ட்ரி மாதிரி தெரியும். ஆனால் பாதிப் பொருட்கள் நமக்குப் பழக்கமானவை.

- பொட்டாசியம் நைட்ரேட், 1,900 மில்லிகிராம். பழைய பெயர் வெடியுப்பு. சொட்டுநீர்ப் பாசனம் செய்பவர்களுக்கு இது 13-0-45 மூட்டை.
- அம்மோனியம் நைட்ரேட், 1,650 மில்லிகிராம். பொட்டாசியம் நைட்ரேட்டும் இதுவும் சேர்ந்துதான் நைட்ரஜன் கொடுக்கின்றன.
- கால்சியம் குளோரைடு, 440 மில்லிகிராம். செல் சுவருக்கு உறுதி தருவது.
- மெக்னீசியம் சல்பேட், 370 மில்லிகிராம். மெடிக்கலில் கிடைக்கும் எப்சம் உப்புதான். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம்.
- பொட்டாசியம் பாஸ்பேட், 170 மில்லிகிராம். உரக்கடையில் 0-52-34.

இவை ஐந்தும் பேரூட்டங்கள். அடுத்து நுண்ணூட்டங்கள். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் 6.2 மில்லிகிராம். நெல் வயலுக்குப் போடும் ஜிங்க் சல்பேட் 8.6 மில்லிகிராம். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் வெறும் 0.025 மில்லிகிராம். இவற்றோடு மாங்கனீசு, மாலிப்டினம், கோபால்ட், அயோடின், இரும்பு.

அந்த 0.025-ஐ கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் மயில்துத்தம் இருந்தால் 40,000 லிட்டர் ஊடகம் தயாரிக்கலாம். நாலைந்து தண்ணீர் லாரி அளவு! இவ்வளவு சின்ன அளவைச் சாதாரணத் தராசில் நேரடியாக எடை போட முடியாது. அதனால் முதலில் பல நூறு மடங்கு செறிவாகக் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து சில மில்லி எடுத்துச் சேர்ப்பார்கள். ஆய்வக மொழியில் இதற்கு ஸ்டாக் சொல்யூஷன் என்று பெயர்.

உப்பு மட்டும் போதாது. ஒரு லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். பாட்டிலுக்குள் இருக்கும் துண்டால் தனக்கு வேண்டிய உணவைத் தானே போதுமான அளவு தயாரிக்க முடியாது. கூடவே தயாமின் போன்ற சில வைட்டமின்கள். கலவை கட்டியாக நிற்க அகார், அதாவது நாம் இனிப்பு செய்யும் கடல்பாசி. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகார் தயாராகிறது.

கடைசியாக அமிலத்தன்மையை பி.எச். 5.8 அளவுக்குக் கொண்டுவந்து, 121 டிகிரி சூட்டில் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். ராட்சத பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தக் கிருமி நீக்கத்தில் கோட்டை விட்டால் கதை முடிந்தது. உப்பும் சர்க்கரையும் செடிக்கு மட்டுமல்ல, பூஞ்சைக்கும் விருந்துதான்.

ஹார்மோனைத் தேடிப் போய் உப்பைக் கண்டுபிடித்த கதை

இந்த அளவுகளை யார், எப்படி முடிவு செய்தார்கள்? அதில்தான் சுவாரசியம்.

1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கே ஸ்கூக்கின் ஆய்வகம் பெரிய பெயர் பெற்றிருந்தது. ஸ்வீடனில் பிறந்த ஸ்கூக், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டவர். செல் பிரிவைத் தூண்டும் கைனெட்டின் என்ற பொருளை 1955-ல் கண்டறிந்தது அவருடைய குழு. ஆக்ஸின், சைட்டோகைனின் என்ற இரண்டு வகை ஹார்மோன்களின் விகிதத்தை மாற்றினால் ஒரே திசுவிலிருந்து வேரையோ தண்டையோ வரவழைக்கலாம் என்று 1957-ல் காட்டியதும் அங்கேதான்.

அதனால் எல்லோர் கண்ணும் ஹார்மோன் மேல். அதற்கு முன்பே 1941-ல், ஊமத்தைக் கருவை வளர்க்க இளநீர் உதவுகிறது என்று வான் ஓவர்பீக் குழு காட்டியிருந்தது. ஏதாவது ஒரு சாற்றைச் சேர்த்து வளர்ச்சி கூடினால், உள்ளே ஒரு மாயப் பொருள் இருக்கும் என்று நினைப்பது அன்றைக்கு இயல்பு.

ஸ்கூக்கின் மாணவர் தோஷியோ முராஷிகே ஹவாயில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். புகையிலைத் திசு வளரும் ஊடகத்தில் அவர் புகையிலை இலைச் சாற்றைச் சேர்த்தார். மூன்று, நான்கு வாரத்தில் வளர்ச்சி நாலைந்து மடங்கு கூடிவிட்டது. புது ஹார்மோன் மாட்டிக்கிச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் சாற்றை ஆராய்ந்தபோது வேறு விஷயம் வெளிவந்தது. வளர்ச்சியைக் கூட்டியதில் பெரும்பங்கு சாற்றிலிருந்த கனிம உப்புகளுக்குத்தான். அதாவது, அதுவரை உபயோகித்துவந்த ஊடகத்தில் திசு அரைப்பட்டினி கிடந்திருக்கிறது. இலைச்சாறு அந்தப் பசியைத்தான் தீர்த்தது.

அங்கிருந்து வேலையின் திசையே மாறியது. இலைச்சாறு சேர்த்தாலும் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்ற நிலை வரும் வரை உப்பின் அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். முந்தைய ஒயிட் ஊடகத்தோடு ஒப்பிட்டால், புதிய கலவையில் நைட்ரஜன் 15 மடங்குக்கும் மேல். 1962-ல் 'பிசியோலாஜியா பிளான்டாரம்' இதழில் கட்டுரை வெளியானது. தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

ஏன் இரண்டு வகை நைட்ரஜன்?

நைட்ரேட், அம்மோனியம் என்று இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம்.

செடி அம்மோனியத்தை உறிஞ்சும்போது சுற்றியுள்ள ஊடகம் புளிக்கத் தொடங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும். நைட்ரேட்டை உறிஞ்சும்போது நேரெதிர். இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியம் மட்டுமே இருந்தால் பல செடிகளுக்கு விஷமாகிவிடும். நைட்ரேட் மட்டும் இருந்தாலோ, அதை உடைத்துப் பயன்படுத்த செடி கூடுதலாக ஆற்றல் செலவழிக்க வேண்டும்.

இந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தை உலுக்கிய வெடிவிபத்துக்குக் காரணம் இதே உப்புதான். இந்தியாவில் இதை வைத்திருக்கவும் விற்கவும் 2012-ல் தனி விதிகள் வந்தன. எல்லா உப்பும் அளந்து கலந்த ரெடிமேட் பொடி பாக்கெட்டுகளும் சந்தையில் கிடைக்கின்றன.

கலக்கும் வரிசையிலும் கவனம்

நாலரை கிராம் உப்பைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வேலை முடிந்ததா? இல்லை.

செறிவான கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். சல்பேட்டோடும் அதே பிரச்சினை. படிந்த உப்பு செடிக்குக் கிடைக்காது. அதனால்தான் கால்சியத்துக்குத் தனி பாட்டில். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்த ஸ்டாக்கைக் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான்.

இரும்பு இன்னும் முரண்டு பிடிக்கும். சும்மா போட்டால் துருவாக மாறி அடியில் தங்கிவிடும். அதை இ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். நண்டு தன் கொடுக்கில் பிடித்துவைப்பது போல அது இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும். வெளிச்சம் பட்டால் இந்தப் பிணைப்பு கெடும் என்பதால் பழுப்பு நிற பாட்டிலில் வைப்பார்கள்.

எல்லாச் செடிக்கும் ஒரே சாப்பாடா?

எம்.எஸ். உலகப் புகழ் பெற்றதால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தச் செடியாக இருந்தாலும் முதலில் எம்.எஸ்.ஸில் போட்டுப் பார்ப்பது. ஆனால் அது புகையிலைக்காக உருவான கலவை. புகையிலை நன்றாக உரம் தின்னும் பயிர். வாழைக்கும் அது ஒத்துப்போகிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை.

ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம். ஆனால் தூசி மாதிரி இருக்கும் அந்த விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலேயே, சர்க்கரையும் உப்பும் கொடுத்து ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். பிற்பாடு அவர் வெளியிட்ட நட்சன்-சி கலவையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். எம்.எஸ்.ஸில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இதில் இருக்கிறது. மரத்தின் கிளையில் ஒட்டிக்கொண்டு, மழைநீரில் கரைந்து வரும் கொஞ்ச நஞ்ச சத்தில் வாழும் செடிக்கு அதுவே தாராளம்.

சோயாவுக்கு 1968-ல் பி-5, நெல்லுக்கு 1975-ல் என்-6, மரவகைச் செடிகளுக்கு 1980-ல் டபிள்யூ.பி.எம். என்று தனித்தனிக் கலவைகள் வந்தன. கடைசியாகச் சொன்னதிலும் நைட்ரஜன் எம்.எஸ்.ஸின் கால்பங்குதான்.

ஏற்காட்டில் பார்த்த குடுவைத் தாவர வகைகளும் இப்படித்தான். சத்தில்லாத மண்ணுக்குப் பழகியவை என்பதால், உப்பைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துக் கொடுக்கும் ஆய்வகங்கள் பல உண்டு. பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே பிரியாணி வைத்தால் என்ன ஆகும், அதே கதைதான்.

கூடினால் என்ன ஆகும்? அம்மோனியம் மிகுந்தால் தண்டும் இலையும் கண்ணாடி போல நீர்கோத்து நிற்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், வெளியே எடுத்தால் பிழைக்காது. குறைந்தால்? கால்சியம் போதாவிட்டால் தளிர் நுனி கருகும், இரும்பு போதாவிட்டால் இலை வெளுக்கும். மொத்தத்தில் உப்பு கூடினாலும் குத்தம், குறைஞ்சாலும் குத்தம்.

சேர்வராயன் மலைக்கு இதில் என்ன?

வாழையில் ஒரு கலவை சரிவரவில்லை என்றால் பெரிய நஷ்டமில்லை. வேறு துண்டை எடுத்து வேறு அளவில் முயற்சி செய்யலாம். வாழைக்கா பஞ்சம்? ஆனால் ஒரே மலையில் கொஞ்சமே கொஞ்சம் மிஞ்சியிருக்கும் செடிக்கு அந்தச் சலுகை இல்லை.

சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய ஒரு தாவரம் உண்டு. வெர்னோனியா சேர்வராயென்சிஸ். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். இந்த மலைக்கே உரியது என்று தாவரவியல் பதிவுகள் சொல்கின்றன. பெயர் வைத்தவர், மெட்ராஸ் மாகாணத் தாவரங்களைத் தொகுத்த ஜே.எஸ்.கேம்பிள். இந்த மலையில் காபித் தோட்டம் வந்தது, பாக்சைட் சுரங்கம் வந்தது, ரிசார்ட்டுகள் வந்தன. ஒரே மலையை வீடாகக் கொண்ட செடிக்கு அந்த மலையில் இடம் சுருங்கினால் வேறு போக்கிடம் கிடையாது.

இப்படிப்பட்ட செடிகளுக்குத் திசு வளர்ப்பு ஓர் அவசரக் கதவு. ஒரு மொட்டை மட்டும் எடுத்தால் போதும், தாய்ச்செடியைப் பிடுங்க வேண்டாம். சரியான கலவை கிடைத்துவிட்டால் அந்த ஒரு மொட்டிலிருந்து நிறையக் கன்றுகள். ஆனால் அந்தச் 'சரியான கலவை' எந்தப் புத்தகத்திலும் தயாராக இருக்காது. முழு எம்.எஸ்., அரை எம்.எஸ்., டபிள்யூ.பி.எம். என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் அந்த அரிய செடியிலிருந்து சில துண்டுகள் செலவாகும். அதனால்தான் அது எந்த மண்ணில் வளர்கிறது, அந்த மண்ணில் என்ன சத்து உண்டு என்று முதலில் காட்டிலேயே படிப்பது முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே மொட்டிலிருந்து வந்த ஆயிரம் கன்றும் மரபில் ஒன்றேதான். ஒரு நோய் வந்தால் ஆயிரமும் ஒன்றாகப் போகலாம். எனவே பல தாய்ச்செடிகளிலிருந்து எடுக்க வேண்டும், முடிந்தால் விதையிலிருந்தும். கன்றுகள் தயாரானாலும், திரும்பக் கொண்டுபோய் நட காடு இருக்க வேண்டும். பாட்டிலுக்குள் செடியைக் காப்பாற்றலாம், மலையைக் காப்பாற்ற முடியாது.

ஏற்காடு போகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மரத்தில் பூத்திருக்கும் காட்டு ஆர்க்கிட்டைப் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பெரும்பாலும் அது பிழைக்காது. கடையில் கிடைக்கும் டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் தொட்டிகள் பெரும்பாலும் இந்த பாட்டில் வழியில் வந்தவை. ஆசைக்கு அதை வாங்கிக்கொள்ளலாம்.

வாழைக்கன்று வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

ஊரில் நிலம் வைத்திருக்கும் ஐ.டி. ஊழியர் முதல் முழுநேர விவசாயி வரை, திசு வாழை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில், பாட்டிலுக்குள் வளர்ந்ததாலேயே ஒரு கன்று நோயில்லாதது ஆகிவிடாது. தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து பெருகும். இதற்காகவே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. கன்று வாங்கும்போது "சர்டிஃபிகேட் இருக்காங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரே திசுவை அளவுக்கு மீறிப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினால் மாறுபட்ட கன்றுகள் வர வாய்ப்பு கூடும். வரிசையில் ஒன்று மட்டும் குட்டையாக, இலை குறுகலாக, நிறம் வேறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, பாட்டிலிலிருந்து நேராக வயலுக்கு வந்த கன்று வேண்டாம். உள்ளே ஈரமான காற்றிலும் சர்க்கரைச் சாப்பாட்டிலும் வளர்ந்த பிள்ளை அது. இலையின் மெழுகுப்பூச்சு மெல்லியது, வேரும் பலமில்லாதது. நிழல்வலைக்குள் தென்னைநார்க் கழிவில் சில வாரம் வைத்து, வெயிலையும் காற்றையும் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். ஹார்டனிங் என்று நர்சரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கட்டம் முடிந்து, புது இலைகள் விட்ட கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

உரம் போடும்போதும் இதே கணக்குதான். யூரியாவையும் டி.ஏ.பி.யையும் மட்டும் அள்ளிக் கொட்டுகிற வயலில் துத்தநாகமோ போரானோ குறைந்திருக்கலாம். எது குறைவு என்று மண் பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஒரு லிட்டருக்கு 0.025 மில்லிகிராம் மட்டும் சேர்க்கிற மயில்துத்தத்தையும் விடாமல் அளந்து போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்துச் சத்தும் நிறைவாக இருந்தாலும், குறைகிற அந்த ஒன்றுதான் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும்.